பங்களிப்பின்மைச் சான்று

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பதினேழுக்கு, போனைக் காதில் வைத்துக் காத்திருந்த வயலின்காரர் தன் சொந்த மெட்டைக் கேட்டார்.

அவர் அழைத்தது இசை உரிமைப் பதிவகத்தை. வாத்தியக்காரர் அடையாள அட்டையைப் புதுப்பிக்க எத்தனை புகைப்படம் வேண்டும் என்று கேட்பதற்காக. காத்திருக்கச் சொன்னார்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது" என்று ஒரு பெண்குரல் சொன்னது. பிறகு வயலின் வந்தது.

முதல் வரியில் சந்தேகமாக இருந்தது. இரண்டாவது வரியில் சந்தேகம் போனது. மூன்றாவது வரியில் வில் லேசாக வழுக்கியது. அந்த வழுக்கல் அவருடையதேதான்.

இருபத்திரண்டு வருடமாக அவர் அடுத்தவர் மெட்டுகளை வாசிக்கிறவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டாவது வரிசை, மூன்றாவது நாற்காலி. தாளைப் பார்த்து வாசிப்பார். முடிந்ததும் வீட்டுக்கு வருவார். அவ்வளவு காலத்தில் சொந்தமென்று வந்தது ஒரே ஒரு மெட்டு. மார்ச் மாதம் ஒரு நாள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, கூப்பிடாமலே வந்தது. ஒன்றரை நிமிடம். அது இப்போது பதிவகத்தின் தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருவர் எடுத்தார். "சொல்லுங்க."

"இப்ப ஒரு மெட்டு ஓடிச்சே, அது என்னோடது."

"எந்த மெட்டு?"

"காத்திருக்கும்போது ஓடுதே, அது."

"அதை நாங்க கேட்டதில்லையே. இங்க யாரும் போன்ல காத்திருக்கறதில்ல. நேர்ல வாங்க."

பதிவகம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று: 'கலைஞர்களின் இல்லம்.' இன்னொன்று: 'உள்ளே பாடவோ வாசிக்கவோ முணுமுணுக்கவோ கூடாது.' வயலின் பெட்டியைக் காவலாளி வாங்கி, பூட்டி, அரக்கு வைத்து, ரசீது கொடுத்தார். வெறுங்கையோடு வயலின்காரர் நான்காம் கவுண்டருக்குப் போனார். அங்கே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார். எதையும் படிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று அந்தக் கண்ணாடியே சொன்னது.

எழுத்தர் கோப்பைத் தேடி எடுத்தார். ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் அந்த மெட்டைத் தன் பெயரில் பதிய மனு செய்திருந்தது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று அறிவிப்பும் ஒட்டியாகிவிட்டது. முப்பதாவது நாள் வரும் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணி வரை.

"எங்க ஒட்டினீங்க? நான் பார்க்கலையே."

"பதிவறைக்குள்ள."

"அங்க யார் போகலாம்?"

"யாரும் போக முடியாது. வெளியில ஒட்டினா கிழிச்சிடறாங்க."

"ஆனா சார், அந்த மெட்டு அவங்க கைக்கு எப்படிப் போச்சு?"

எழுத்தர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். கீழே வயலின்காரரின் கையெழுத்து இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது, நின்றபடியே, வயலின் பெட்டியின் மேல் வைத்துப் போட்ட கையெழுத்து. ஆறாவது பத்தி இப்படி இருந்தது: 'நிறுவனத்தின் கட்டடத்துக்குள், இடைவேளைகள் உட்பட, வாத்தியக்காரரிடமிருந்து எழும் சகல ஒலிகளும் நிறுவனத்துக்கே உரியவை.'

வயலின்காரருக்கு நினைவு வந்தது. ஏப்ரலில் ஒரு டீ இடைவேளை. எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அவர் மட்டும் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெட்டைத் தனக்காக ஒரு தடவை வாசித்தார். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

"சகல ஒலிகளும்னா?"

"சகலமும்தான். ஒரு டிரம்ஸ்காரரு அங்க தும்மினாரு. இப்ப அந்தத் தும்மல் ஜலதோஷ மாத்திரை விளம்பரத்துல வருது. நல்லா ஓடுதாம். அவரு வீட்டுல தும்மறதுக்கே பயப்படறாரு."

"நான் இதை மார்ச் மாசமே வீட்டுல போட்டேன் சார்."

"அப்படின்னா ஒண்ணும் பயமில்ல." எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். "வீட்டுல பிறந்ததுன்னு நிரூபிச்சா உங்க மெட்டு. இல்லாட்டி அவங்க மெட்டு. அதுக்கப்புறம் நீங்க அதை வாசிச்சா, அடுத்தவங்க சொத்தைத் தொட்ட மாதிரி."

படிவம் பதினொரு பக்கம். முதல் கேள்வி, மெட்டு எப்படி இருக்கும். வயலின்காரர் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். எழுத்தர் பதறிப் போனார். விசாரணையில் இருக்கும் மெட்டைப் பதிவகத்துக்குள் வாசிப்பது குற்றம். முந்நூறு வார்த்தைக்கு மிகாமல் எழுதித்தான் காட்ட வேண்டும்.

"மெட்டை எப்படி சார் எழுதறது?"

"ஏறுது, இறங்குதுன்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நாங்களும் அப்படித்தான் தீர்ப்பு சொல்றோம்."

அடுத்த கேள்வி, சோகமா மகிழ்ச்சியா. வயலின்காரர் இரண்டுக்கும் எதிரே டிக் போடப் போனார். எழுத்தர் அவர் கையைப் பிடித்தார். "ரெண்டு டிக் போட்டா ரெண்டு மெட்டுன்னு ஆயிடும். ரெண்டாவதுக்குத் தனிப் படிவம்." வயலின்காரர் கொஞ்ச நேரம் யோசித்துச் சோகத்துக்கு மட்டும் டிக் போட்டார். அன்றைக்கு அது பொருத்தமாக இருந்தது. யோசிக்கும்போது மெட்டை அறியாமல் முணுமுணுத்துவிட்டார். காவலாளி வந்து ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மஞ்சள் சீட்டு சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு உள்ளே வர முடியாது.

ஒன்பதாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது: 'மெட்டு பிறந்தபோது உடனிருந்தோர்.'

வயலின்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். நினைவைக் கூட்டிப் பார்த்து வரிசையாக எழுதினார். கூடத்துக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மச்சான். மாடிவீட்டு டீச்சர், அவர் மாடியில்தான் இருந்தார், ஆனாலும் தரையைத் தட்டினார். மனைவி. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுத்தர் முத்திரையைக் குத்தினார். குத்திய பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முதல்முறையாகப் படித்தார்.

"என்ன சார் இது, ஒரு ஊரையே எழுதி வச்சிருக்கீங்க?"

"இருந்தாங்களே."

"இருந்தா? எல்லாரும் 'யாருமில்லை'ன்னுதான் எழுதுவாங்க. இதுவரைக்கும் பதினாறாயிரம் மெட்டு பதிவாகியிருக்கு. ஒண்ணு பிறக்கும்போதுகூட பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது."

"அப்ப அழிச்சுட்டு எழுதிடவா?"

"முத்திரை குத்தியாச்சு. திருத்த மனு போடலாம். நாற்பத்தஞ்சு வேலை நாள் ஆகும்." எழுத்தர் இழுப்பறையிலிருந்து நாலு தாள் எடுத்தார். "இனிமே ஒரே வழிதான். நாலு பேருகிட்டயும் பங்களிப்பின்மைச் சான்று வாங்கிட்டு வாங்க."

தாளின் தலைப்பில் மெட்டு உருவான நாளும் நேரமும். கீழே இரண்டே வாக்கியம். 'மேற்படி மெட்டு உருவானபோது நான் உடனிருந்தேன். எந்த வகையிலும், எந்த அளவிலும், நான் ஒன்றும் செய்யவில்லை.'

கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று வயலின்காரர் மூன்றாம் மாடிக்குப் போய்ப் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளரின் மேசைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புல்லாங்குழல் இருந்தது.

"யாரோடது சார்?"

"அது இன்னும் முடிவாகல. எழுபது வருஷமா விசாரணையில இருக்கு. வாசிச்சவரும் இல்ல, வழக்கு போட்டவரும் இல்ல. ஆனா குழலுக்கு ஒரு கீறல் கிடையாது, பாருங்க." பதிவாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்த அலுவலகம் எதுக்கு இருக்குன்னு நினைக்கறீங்க? கலைஞர்களைப் பாதுகாக்க. போன வருஷம் மட்டும் நாலாயிரம் கலைஞர்களைப் பாதுகாத்திருக்கோம்."

"யாருகிட்டேருந்து சார்?"

"பெரும்பாலும் அவங்ககிட்டேருந்தேதான். விட்டா இவங்க கண்ட இடத்துல வாசிச்சுடுவாங்க. கேட்கறவங்களும் இலவசமாக் கேட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உரிமைன்னு ஒண்ணு எதுக்கு?"

"சார், என் மெட்டு உங்க போன்லயே ஓடுதே."

பதிவாளரின் முகம் மலர்ந்தது. "அது உங்களோடதா? ரொம்ப நல்ல மெட்டு. போட்டதுலேருந்து புகார் பாதியாக் குறைஞ்சிடுச்சு. கேட்டுக்கிட்டே எதுக்குக் கூப்பிட்டோம்னு மறந்துடறாங்க. அந்த நிறுவனத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூட அனுப்பினோம்."

"அவகாசம்..."

"சட்டத்துல இடமில்ல. ஆனா என் அனுதாபத்தைக் குறிச்சுக்குங்க. அதுக்குப் படிவம் கிடையாது."

புதன்கிழமை காலை வயலின்காரர் தச்சரின் பட்டறைக்குப் போனார். மார்ச் பதினாலாம் தேதி போட்ட ரசீதையும் கொண்டுபோயிருந்தார். தச்சர் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். நல்ல மனிதர், எங்கே போட வேண்டும் என்றுதான் கேட்டார். போடும் முன் படித்துவிட்டார்.

"ஒன்றும் செய்யவில்லைன்னா? கதவுக்குக் கீல் வச்சேனே சார்."

"கதவுக்கு இல்லண்ணே. மெட்டுக்கு."

தச்சர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஏறியது. "அன்னைக்கு நான் அடிக்க ஆரம்பிச்சப்புறம்தானே நீங்க வாசிக்க ஆரம்பிச்சீங்க?"

"ஆமா."

"நான் ஆணி எடுக்க நிறுத்தினேன். நீங்களும் நிறுத்தினீங்க."

பொய் சொல்லத் தெரியாத வயலின்காரர் தலையாட்டினார்.

"திரும்ப அடிச்சேன். திரும்ப வாசிச்சீங்க. அப்ப நான் யாருக்கு அடிச்சேன்?"

"கீலுக்குத்தானேண்ணே அடிச்சீங்க?"

"கீலுக்கும் அடிச்சேன்," என்றார் தச்சர். மேசையின் மேல் விரலால் தட்டிக் காட்டினார். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, ஒரு தட்டு. மெட்டு அந்தத் தாளத்தில்தான் நடந்தது. அதை வயலின்காரரும் அப்போதுதான் கவனித்தார்.

முக்கால் மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. அந்தக் கதவு இதுவரை ஒரு நாளும் முழுசாக மூடியதில்லை. வயலின்காரர் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார். 'கதவு பழுதில்லாமல் மூடுகிறது, எனக்கு எந்தப் புகாரும் இல்லை' என்று அவர் எழுதிக் கொடுத்தார். தச்சர் தான் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் தச்சர் வாசல் வரை வந்து. "தாளம் நல்லா இருந்துச்சு."

வியாழக்கிழமை காலை மாடிவீட்டு டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சான்றை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, உன் மெட்டு எங்க முடியுது?"

"கடைசி வரியில, டீச்சர். பாதியில சட்டுன்னு நிக்கும். அதுதான் அதோட அழகு."

"ஏன் நிக்குது?"

வயலின்காரர் கடைசி வரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"நான் சொல்றேன். நான் காலால ரெண்டு உதை உதைச்சு 'போதும்!'னு கத்தினேன். நீ நிறுத்தினே. அப்ப அந்த அழகு யாரோடது?"

"டீச்சர், அது தொந்தரவு தாங்காம நீங்க கத்தினது."

"காரணம் கேட்டு மார்க் போட மாட்டாங்க. விடை சரியா இருந்தாப் போதும்."

டீச்சர் ஒரு பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தார். மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, தன் ஆயுள் உள்ளவரை, வீட்டில் வயலினைத் தொடுவதில்லை என்று வயலின்காரர் எழுதினார். "யாரோட ஆயுள்?" என்று கேட்டார் டீச்சர். "என்னோடது." "ரெண்டு பேருல யாரு கூட நாள் இருக்காங்களோ, அவங்களோடதுன்னு போடு." போட்டார். டீச்சர் கையெழுத்திட்டு, கீழே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை மச்சான். மனைவியின் தம்பி, வேறு வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக இவர்களோடு இருப்பவன். மூன்று வருடமாகக் கிடைக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்து பகலெல்லாம் சோபாவில் தூங்குவான். தூங்கியவனிடம் என்ன சிக்கல் வரப்போகிறது என்று வயலின்காரர் தெம்பாகத்தான் போனார்.

மச்சான் எழுந்து உட்கார்ந்து, தாளை இரண்டு தடவை படித்தான். "அத்தான், எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்காரு. எதுலயும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"நீ தூங்கிட்டிருந்தடா!"

"அதைத்தான் சொல்றேன். நான் தூங்கறேன்னுதானே அவ்வளவு மென்மையா வாசிச்சீங்க? நான் முழிச்சிருந்தா அது வேற மெட்டு. அந்த மென்மை எங்கேருந்து வந்துச்சு? என் தூக்கத்துலேருந்து."

"தூக்கத்துக்கு உரிமை கேக்கறியா?"

"கேக்கல. விட்டுக் கொடுக்கறேன். நீங்களும் ஒண்ணு விட்டுக் கொடுங்க. இந்த மெட்டுக்குப் பாட்டு நான்தான் எழுதுவேன்."

"உனக்கு எழுத வருமா?"

"தூங்கி எழுந்தா வரும்னு நினைக்கறேன்."

வயலின்காரர் எழுதிக் கொடுத்தார். மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எழுத்தர் சான்றுகளை எண்ணிப் பார்த்தார். பாராட்டினார். இவரைப் போல எழுதிவிட்ட ஒன்றிரண்டு பேர் முதல் சான்றிலேயே அடிதடியாகி நின்றுவிட்டார்களாம். தன் அண்ணனிடம் வாங்கப் போன ஒரு பாடகர் இப்போது தனியாகப் பாடுகிறார். அண்ணன் எதிர்க்கட்டடத்தில் பாடுகிறார்.

"மூணு ஆச்சு. நாலாவது?"

வயலின்காரர் பையைத் துழாவினார். நாலாவது தாள் அடியில் வெறுமையாகக் கிடந்தது. அது வீட்டுக் கையெழுத்து. எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அடியில் வைத்து, அப்படியே மறந்திருந்தார்.

"மனைவிதானே?" என்றார் எழுத்தர். "அதான் சுலபம். அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவோம். ஒரு நிமிஷம் தள்ளினாலும் மெட்டு அந்த நிறுவனத்தோடது."

மனைவி வேலை பார்க்கும் பாடநூல் அச்சகம் இரண்டு தெரு தள்ளி. வயலின்காரர் ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத மனிதர். முதல் மாடிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. கீழே இயந்திரங்கள் ஓடியதில் படிக்கட்டு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. நீளமான அறையில் ஆறு மேசைகள். கடைசி மேசையில் மனைவி ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிக்குக் கீழே அளவுகோலை வைப்பாள். அந்த வரியை மட்டும் படிப்பாள். பிறகு அளவுகோலை அடுத்த வரிக்கு இறக்குவாள். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அவள் கையைத் தாண்டி ஒரு பிழையும் போனதில்லை என்று அந்த அச்சகத்தில் சொல்வார்கள்.

"என்னங்க, இப்படி வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு கையெழுத்து. சீக்கிரம் போட்டுடு."

அவள் தாளை வாங்கி, வரிக்குக் கீழே அளவுகோலை வைத்தாள்.

"படிக்க வேண்டாம். சும்மா ஒரு சம்பிரதாயம்."

"படிக்காமப் போட்டதாலதானே இவ்வளவும்?" அவள் அளவுகோலை இறக்கினாள். "மெட்டு உருவான நாள், மார்ச் பதினாலு. காலை பதினொரு மணி. நாள் சரிதானா?"

"சரிதான். தச்சரோட ரசீது இருக்கு."

"அன்னைக்கு நான் வீட்டுல இல்லையே."

வயலின்காரர் சிரித்தார். "இருந்தியே. டீ குடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சூடா இருந்துச்சு."

"ஃபிளாஸ்க்ல போட்டு வச்சுட்டுப் போனேன். உங்களுக்கும் தச்சருக்கும்."

"அப்ப வேலைக்கு வந்துட்டியா?"

"அன்னைக்கு லீவு போட்டிருந்தேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு முப்பத்தெட்டு. முன் மேசையில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பக்கத்தைப் புரட்டினாள். புரட்டிய பக்கத்தையே மறுபடி பின்னால் திருப்பினாள்.

"சரி, இல்லாட்டி இல்ல," என்றார் வயலின்காரர். "ஆனா இருந்தேன்னு நான் எழுதிக் கொடுத்துட்டேன். முத்திரையும் குத்தியாச்சு. மாத்தணும்னா நாற்பத்தஞ்சு நாள் ஆகுமாம். இருந்தேன்னே இருக்கட்டும். யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"அதாவது, இல்லாத நான் இருந்தேன்னு கையெழுத்துப் போடணும்."

"ஆமா."

"இருந்துட்டு ஒண்ணுமே செய்யலன்னும் போடணும்."

"எல்லாருக்கும் அப்படித்தான் போட்டிருக்கு. நான் எழுதினது இல்ல, அவங்களே அச்சடிச்சு வச்சது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் எனக்குன்னு வந்துச்சு. அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் பேனாவை எடுத்தாள். சிவப்பு மை என்பதால் அதை வைத்துவிட்டு, நீலப் பேனாவைத் தேடி எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குக் கீழே அளவுகோலை நேராக வைத்தாள். கோபமாக இருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகம் பிழை பார்க்கும்போது இருக்கிற முகமாகத்தான் இருந்தது.

"போடறேங்க. போடாம என்ன. அன்னைக்கு லீவு போட்டுட்டு நான் எங்க போயிருந்தேன், அதை மட்டும் சொல்லுங்க."